கராஜ் கேள்வி பதில்: கார் மூக்கில தொங்குற பிளக்

இந்த முறை வந்த கேள்வியளில பாதிக்கு மேல ஹீற்றர் கேள்வி. எங்கட ஊரில வேர்வை துடைக்கவே நேரம் காணாது, அதுக்குள்ள எஞ்சினைச் சூடாக்கிற சாமானைப் பற்றிக் கேக்கிறியள், பிள்ளையள் எல்லாம் குளிர் நாட்டில எண்டா வேற எதைத் தான் கேப்பியள். எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்திருக்கிறன். பிரேக் கேள்வி அனுப்பின ஆக்கள் கோவிக்காதேங்கோ, அடுத்த இதழில வரும்.

வாசகி, உவர்மலை: மகள் கனடாவில, வின்னிபெக்கில கார் வாங்கின படம் வட்ஸ்அப்பில அனுப்பினவ. காரின்ர முன்பக்கத்துக் கிறில்லுக்குள்ளால ஒரு வயரும் பிளக்கும் வெளியில தொங்குது. கரண்டில ஓடுற காரோ பிள்ளை எண்டு கேட்டா சிரிக்கிறா. என்ன தம்பி அது?

கரண்டில ஓடுற கார் இல்லை அக்கா, பெற்றோல் கார் தான். அது எஞ்சின் பிளொக் ஹீற்றரின்ர வயர், பிளொக் எண்டுறது எஞ்சினின்ர பெரிய உடம்பு. வாளித் தண்ணிக்குள்ள விட்டுச் சுட வைக்கிற கொயில் ஹீற்றர் கண்டிருப்பியள், அதே வேலை தான், ஆனா ஆள் சின்னன், எஞ்சினுக்குள்ள கூலன்ட், அதாவது எஞ்சினின்ர சூட்டை இறக்கிற தண்ணிக் கலவை, ஓடுற இடத்தில நிரந்தரமாப் பூட்டிக் கிடக்கும். காரை நிப்பாட்டிப்போட்டு பிளக்கைச் சுவரில கொழுவி விட்டா கூலன்ட் சூடாகும், அதோட சேர்ந்து இரும்பும் சூடாகும், காலமை திறப்பைத் திருப்பினவுடன ஸ்ராட் வரும், காருக்குள்ள சூட்டுக் காத்தும் கெதியா வரும்.

வின்னிபெக்கில தை மாசத்தில மைனஸ் 30க்குக் கீழ இறங்கிற இரவுகள் வரும். அந்தக் குளிருக்கு ஒயில் தடிச்சுப் போய் ஓட மாட்டன் எண்டு நிக்கும், பற்றறியோ மைனஸ் 18லயே தன்ர பலத்தில பாதிக்குக் கிட்ட இழந்து போயிடும், ஆக எஞ்சினைச் சுத்திறதுக்குக் கூடுதலாப் பலம் வேணும் எண்ட நேரம் பார்த்துப் பற்றறியிட்டப் பலம் இல்லை. இந்தச் சாமானைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில வட டகோட்டா மாநிலத்து கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன், 1949இல காப்புரிமை எடுத்தவர். மகள் இருக்கிற வின்னிபெக்கில இருந்து எல்லை தாண்டித் தெற்கால இறங்கினா வாற ஊர் தான் அது, குளிர் எண்டா என்ன எண்டு தெரிஞ்ச ஆள். அவரின்ரது எஞ்சினின்ர மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டில ஒரு போல்ட்டைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில பூட்டுற வகை. இப்ப வாறது வேற வகை, அதை அடுத்த பதிலில சொல்லுறன்.

அங்க கன கார் பார்க்கில ஒவ்வொரு காருக்கும் முன்னால கம்பத்தில பிளக் பொயின்ற் வைச்சிருப்பினம். மகளிட்ட ஒண்டு மட்டும் சொல்லி வையுங்கோ, காலமை அவசரத்தில பிளக்கைக் கழட்டாமலே காரை எடுத்துக்கொண்டு போய் வயரையும் சொக்கற்றையும் பிடுங்கிற ஆக்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், அனுராதபுரச் சந்தி: மகன் எட்மன்டனுக்குப் போய் செக்கன்ட் ஹான்ட் கார் ஒண்டு எடுத்திருக்கிறார். பிளொக் ஹீற்றர் பூட்ட அங்க கராஜில கூலி கூடக் கேக்கினமாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில சாமானை வாங்கி நான் அனுப்பட்டோ? யூரியூப் பார்த்துத் தானே பூட்டப் போறன் எண்டும் சொல்லுறார்.

ஐயா, அனுப்பாதேங்கோ. பஞ்சிகாவத்தையில தேடினா எதுவும் கிடைக்கும் தான், ஆனா எங்கட கரண்ட் 230 வோல்ற், கனடாவில வீட்டுப் பிளக்கில 120. 230க்குச் செய்த 500 வாற்ஸ் ஹீற்றரை அங்க கொழுவினா 136 வாற்ஸுக்குக் கிட்டத் தான் சூடு தரும், வோல்ற் பாதியாகேக்க சூடு பாதியாகிறேல்லை, கால்வாசியாகும், கணக்கு அப்பிடி. அந்தக் குளிருக்கு அது ஒண்டுக்கும் காணாது. அதோட எஞ்சினுக்கு எஞ்சின் ஹீற்றரின்ர அளவும் வடிவமும் வேற, ஒரே பேர்க் காரிலயே எஞ்சின் மாறினா ஹீற்றரும் மாறும், ஆகவே அங்க எஞ்சின் நம்பரைக் குடுத்து எடுக்கிறது தான் சரி.

காசைக் குடுக்க முதல் பொனற்றைத் திறந்து வடிவாப் பார்க்கச் சொல்லுங்கோ. எட்மன்டன் பக்கம் ஓடித் திரிஞ்ச கார் எண்டா ஹீற்றர் ஏற்கனவே உள்ளுக்க கிடக்கவும் கூடும், முன்னம் வைச்சிருந்த ஆள் வயரைச் சுருட்டி எங்கயாவது கட்டி விட்டிருப்பார், இல்லாட்டி வயர் அறுந்து கழட்டி எறிஞ்சிருப்பார், விக்கிற ஆளுக்கே தெரியாமலும் இருக்கும். கன ஹீற்றரில வயர் வேற கொயில் வேற, வயரை மட்டும் வாங்கிக் கொழுவலாம், அது மலிவு. வயர் கிடக்குது எண்டா மல்ற்றிமீற்றரை எடுத்து பிளக்கின்ர ரெண்டு தட்டைப் பின்னுக்கும் இடையில ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்க்கட்டும். 120 வோல்ற், 400 வாற்ஸ் ஹீற்றர் நல்லா இருந்தா 36 ஓம்ஸுக்குக் கிட்டக் காட்டும். ஒண்டும் காட்டாட்டி வயரோ கொயிலோ எங்கயோ அறுந்து போச்சு, வயரைக் கழட்டிப்போட்டு ஹீற்றரில நேரடியாப் பார்த்தா எது எண்டு பிடிபடும். தட்டைப் பின்னுக்கும் கார் பொடிக்கும் இடையில தொடர்பு காட்டினா கரண்ட் கசியுது எண்டு அர்த்தம், அதைக் கொழுவவே கூடாது.

இல்லவே இல்லை எண்டா இனி பூட்டுற கதை. எஞ்சின் பிளொக்கின்ர பக்கத்தில வட்டத் தகர மூடியள் நாலைஞ்சு அடிச்சிருக்கும், கோர் பிளக் எண்டுறது. அதில ஒண்டைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டைக்குள்ள ஹீற்றரை விடுறது தான் கன கார்களில நடக்கிறது. கூலன்டை முழுக்க வடிச்சு, மூடியின்ர ஒரு ஓரத்தில தட்டினா மூடி குறுக்கால திரும்பும், பிறகு பிளையரால பிடிச்சு இழுக்கலாம், உள்ளுக்க விழுத்திப் போடக் கூடாது. ஓட்டையின்ர சுத்துக் கறளை நல்லாத் தேய்ச்சு எடுக்கோணும், கறள் கிடந்தா ஒழுக்கை அடைக்கிற ஓ ரிங் எண்ட றப்பர் வளையம் இருக்காது, ஒழுகும். ஹீற்றரை விடேக்க கொயில் உள்பக்கத்து இரும்பில முட்டாமல் ஹீற்றரோட வாற புத்தகத்தில சொன்ன பக்கம் பார்த்து நிக்கோணும், முட்டினா அந்த இடத்தில கொயில் எரிஞ்சு போகும். இறுக்கி, கூலன்டை விட்டு, எஞ்சினை ஓட விட்டு, உள்ளுக்க நிக்கிற காத்து முழுக்க வெளியேறும் வரை பார்த்து, ஒழுக்கு இல்லை எண்டு உறுதி செய்த பிறகு தான் பிளக்கைச் சுவரில கொழுவ வேணும். கூலன்ட் இல்லாமலோ, கொயிலைச் சுத்திக் காத்துக் குமிழி நிக்கேக்கயோ சும்மா ஒருக்கா வேலை செய்யுதோ எண்டு கொழுவிப் பார்த்தா, பார்க்கிற நேரத்துக்குள்ளயே புது ஹீற்றர் செத்துப் போகும். நான் எட்மன்டன் இருக்கிற ஆல்பேர்ட்டா மாகாணத்தில கராஜில நிண்ட காலத்தில தானே பூட்டினது எண்டு கொண்டு வந்த கார்களில பார்த்தது முக்காவாசி இந்த வருத்தம் தான்.

எல்லா எஞ்சினிலயும் இப்பிடி இல்லை, சிலதுக்குத் தண்ணிக்குள்ள போகாத உலர் ஹீற்றர், பிளொக்கில அதுக்கெண்டே விட்டிருக்கிற குழிக்குள்ள சூட்டைக் கடத்துற பசை பூசித் தள்ளி விட்டாச் சரி, கூலன்ட் வடிக்கிற வேலையே இல்லை. மகனின்ர காருக்கு அது வருமெண்டா தானே பூட்டட்டும், பயமில்லை. ரேடியேற்றரின்ர கீழ் ஹோஸை வெட்டி இடையில வைக்கிற வகையும் இருக்கு. எஞ்சினுக்குக் கீழ ஒயில் நிக்கிற தட்டான ஒயில் சம்ப்புக்கு அடியில காந்தத்தில ஒட்டுறதும் விக்கினம், சம்ப் அலுமினியமா இருந்தா அது ஒட்டாது. ஒயில் அளவு பார்க்கிற டிப்ஸ்ரிக் கம்பியின்ர ஓட்டைக்குள்ள விடுறது எண்டு ஒண்டு வரும், அது காசுக்குக் கேடு.

கோர் பிளக் வகை எண்டா என்ர அபிப்பிராயம் இது தான்: புரட்டாதி ஐப்பசியில எண்டா மகன் கை வைக்கட்டும், பனி கொட்டினாப் பிறகு ரோட்டோரத்தில காருக்கு அடியில படுத்துக் கொண்டு செய்யிற வேலை இல்லை, கேக்கிற கூலியைக் குடுத்திட்டுச் சூடான கராஜுக்குள்ள விட்டுச் செய்விக்கட்டும். கூலி கூட எண்டு உங்களுக்குத் தெரியுறது ரூபாயில பெருக்கிப் பார்க்கிறதால.

பூட்டினாப் பிறகு வயர். அது எக்ஸோஸ்ற்றிலயும் படக் கூடாது, பெல்ற்றிலயும் ஃபேனிலயும் சிக்கக் கூடாது, அங்கங்க கட்டி முன்னால கொண்டு வரோணும். வீட்டில இருந்து இழுக்கிற எக்ஸ்ரென்ஷன் வயர் வெளியில பாவிக்கிற தடிச்ச மூண்டு பின் வயரா இருக்கோணும், அங்கத்தைக் கணக்கில 14 கேஜ், தூரம் கூட எண்டா 12 கேஜ், நம்பர் குறையக் குறைய வயர் தடிப்பு. மெல்லிசு வயர் எண்டா பிளக் உருகும், சில நேரம் அதோட நிக்காது. சொக்கற்றும் கசிவு வந்தாத் தானே ட்ரிப் ஆகிற வகையா இருந்தா நல்லது. இரவு முழுக்கக் கொழுவத் தேவையில்லை ஐயா, மூண்டு மணித்தியாலம் காணும், ஒரு ரைமரைப் போட்டு விட்டா காலமை நாலு மணிக்குத் தானே ஓன் ஆகும். 400 வாற்ஸ் மூண்டு மணித்தியாலத்துக்கு 1.2 யூனிற் தான், இரவு பத்து மணித்தியாலம் எண்டா 4 யூனிற். மைனஸ் 15க்கு மேல நிக்கிற நாளில தேவையே இல்லை எண்டு சொல்லலாம், கார் நல்ல நிலையில இருந்தா. இன்னொண்டு, இந்த ஹீற்றர் பற்றறியைச் சூடாக்காது. ஒயிலும் 0டபிள்யூ20, 5டபிள்யூ30 மாதிரி காரின்ர புத்தகத்தில சொன்ன மெல்லிசா இருக்கோணும், டபிள்யூக்கு முன்னால நம்பர் குறைஞ்சாக் குளிரிலயும் ஓடும்.

வாசகர், சாம்பல்தீவு: தம்பி நோர்வேயில. கனடாவில இருக்கிற மச்சானிட்டப் புது ஹீற்றர் ஒண்டு சும்மா கிடக்குதாம், தம்பிக்கு அனுப்பட்டோ எண்டு கேக்கிறார்.

வேண்டாம். நோர்வேயும் எங்களை மாதிரி 230 வோல்ற். மேல ஐயாவுக்குச் சொன்ன கணக்கு இங்க தலைகீழாகும், 400 வாற்ஸ் ஹீற்றர் 1450க்கு மேல இழுக்கும், கொயில் போகும், வயர் பத்தும். நோர்வேயிலயே டெஃபா எண்ட கொம்பனி இந்த வேலையில பேர் போனது, சுவீடனில கலிக்ஸ் இருக்கு, ரெண்டும் 230க்குச் செய்யிறவை. மச்சான் அதை கனடாவிலயே ஆருக்கும் குடுக்கட்டும்.

வான் ஓட்டுனர், பாலையூற்று: அண்ணை, பழைய டீசல் வான். ஊரில ஒரு சுத்தில ஸ்ராட் வரும். மாசி மாசம் ஆக்களை ஏத்திக்கொண்டு நுவரெலியா போனா காலமை உயிரை எடுக்குது, தள்ளித் தான் எடுக்கிறது. ஒருத்தர் பிளொக் ஹீற்றர் பூட்டச் சொல்லுறார், இன்னொருத்தர் சம்ப்புக்குக் கீழ கரி அடுப்பு வைக்கச் சொல்லுறார்.

கரி அடுப்புச் சொன்ன ஆளை வானுக்குக் கிட்ட விடாதேங்கோ தம்பி. பழைய டீசல் வானுக்கு அடியில ஒயில் கசிவு இல்லாத இடம் இருக்கோ?

பிளொக் ஹீற்றரும் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தை மாசியில சில விடியக்காலையில புல்லில உறைபனி படியும், ஆனா அது பூச்சியத்துக்குக் கிட்டப் போற குளிர் தான், எட்மன்டன் குளிர் இல்லை. அந்தக் குளிருக்கு நல்ல டீசல் எஞ்சின் ஸ்ராட் வரத்தான் வேணும். உங்கட வானில ஹீற்றர் ஏற்கனவே இருக்கு, அது குளோ பிளக், சிலிண்டருக்கு ஒண்டு. பெற்றோலில தீப்பொறி, டீசலில காத்தை அமத்தி வாற சூட்டில எரிபொருள் பத்தோணும், எஞ்சின் குளிர்ந்திருந்தா இரும்பு அந்தச் சூட்டை இழுத்துப் போடும், அதுக்குத் தான் குளோ பிளக் முன்னமே சிவக்கச் சூடாகி நிக்குது. திருகோணமலையில விடியக்காலையிலயும் எஞ்சின் 25 டிகிரியில நிக்கும், நாலு குளோ பிளக்கில ரெண்டு மூண்டு செத்துக் கிடந்தாலும் ஸ்ராட் வந்திடும், ஆகவே செத்தது உங்களுக்குத் தெரியாது. மலை ஏறினவுடன தான் வெளிக்குது. அதோட அந்த உயரத்தில காத்தும் ஐஞ்சில ஒரு பங்கு குறைவு, அமத்தம் தேய்ஞ்ச எஞ்சினுக்கு அதுவும் ஒரு அடி.

போக முதல் ஊரிலயே குளோ பிளக்கை ஒவ்வொண்டா வயரைக் கழட்டி மீற்றரில பாருங்கோ, நல்லது எண்டா ஒரு ஓம்ஸுக்குக் கிட்ட அல்லது அதிலும் குறையக் காட்டும், ஒண்டும் காட்டாட்டி செத்தது. செத்தால் செற்றா மாத்துங்கோ. நாலும் நல்லது எண்டா அதுகளுக்குக் கரண்ட் விடுற சுவிச்சான ரிலேயில கரண்ட் வருதோ எண்டு பாருங்கோ. பற்றறியும் அதே கதை தான், இங்க பாதிப் பலத்தில தள்ளிக்கொண்டு போறது அங்க படுக்கும். டாஷில குளோ பிளக் சூடாகிறதைக் காட்டுற சுருள் லைற் அணையும் வரை பொறுத்துத் தான் திறப்பைத் திருப்புறியளோ? கன பேர் பொறுக்கிறேல்லை.

ஜெனரேற்றர் பார்க்கிறவர், நிலாவெளி: ஹோட்டலில நிக்கிற டீசல் ஜெனரேற்றர், ஓடாம நிக்கேக்கயும் ஒரு பக்கம் கை வைக்க ஏலாத சூடு. தேடிப் பார்த்தா ஹீற்றர். இந்த வெயிலுக்குள்ள இது ஏன்? கரண்ட் பில் கூட, நிப்பாட்டு எண்டு மனேஜர் நிக்கிறார்.

இது தான் இந்த முறை வந்ததில எனக்குப் பிடிச்ச கேள்வி, ஏனெண்டா எங்கட ஊரிலயும் பிளொக் ஹீற்றர் இருக்கு எண்டு கன பேருக்குத் தெரியாது. கார் ஸ்ராட் வந்தாப் பிறகு நீங்கள் மெல்ல மெல்ல ஓட்டிச் சூடாக்கலாம். ஜெனரேற்றருக்கு அந்தச் சலுகை இல்லை. கரண்ட் போன சில செக்கனுக்குள்ள ஸ்ராட் வந்து, ஏசி, தண்ணி மோட்டர், குசினி எண்டு முழுப் பாரத்தையும் ஒரேயடியாத் தூக்கோணும். ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில 10 செக்கன் தான் கணக்கு. குளிர்ந்த எஞ்சினில அப்பிடிப் பாரம் ஏத்தினா வெள்ளைப் புகை தள்ளும், வேகம் இறங்கி லைற் மங்கும், பிஸ்ரனும் லைனரும் தேயும். அதுக்குத் தான் கூலன்டை எப்பவும் இளஞ்சூட்டில வைச்சிருக்கிறது. எங்கட வெயிலில ஸ்ராட் வாறது பிரச்சினை இல்லை எண்டது உண்மை, ஆனா 30 டிகிரியில நிக்கிற எஞ்சினும் அந்த இளஞ்சூட்டில நிக்கிற எஞ்சினும் ஒண்டில்லை.

ஆனா கை வைக்க ஏலாத சூடு எண்டுறியளே, அது சரியில்லை. ஹீற்றரில தேர்மோஸ்ரற் எண்டு சூடு கூடினாத் தானே கட் பண்ணுற சுவிச் இருக்கு, பொதுவா 40 டிகிரிக்குக் கொஞ்சம் அங்கால இங்காலயாகத் தானே நிக்கோணும். நிக்காம எப்பவும் ஓடினா 1500 வாற்ஸ் ஹீற்றர் நாளுக்கு 36 யூனிற் தின்னும், மனேஜர் கத்திறதில நியாயம் இருக்கு. தேர்மோஸ்ரற் வேலை செய்தா எங்கட ஊர்ச் சூட்டுக்கு அதில சின்னப் பங்கு தான் போகும். ஆகவே முதல் தேர்மோஸ்ரற்றைப் பாருங்கோ, நிப்பாட்டிற கதை பிறகு. அதோட எஞ்சின் ஓடத் தொடங்கினவுடன ஹீற்றர் கட் ஆகோணும், அந்த ரிலே ஒட்டிப் போயிருக்கோ எண்டும் பாருங்கோ.

ஹீற்றருக்குப் போற வாற ஹோஸ் ரெண்டும் இருபத்துநாலு மணித்தியாலமும் சூட்டில வெந்து காய்ஞ்சு வெடிக்கும், எஞ்சினின்ர மற்ற ஹோஸ் எல்லாம் புதுசு மாதிரி இருக்கேக்க இது ரெண்டும் தான் முதல் போறது. ஒருத்தரும் பார்க்காத நேரம் கூலன்ட் சொட்டுச் சொட்டா வடிஞ்சு, ஹீற்றர் காய்ஞ்சு எரிஞ்சு, பிறகு ஒரு நாள் இரவு கரண்ட் போகேக்க ஜெனரேற்றர் கூலன்ட் இல்லை எண்டு ட்ரிப் ஆகி நிக்கும், விருந்தாளியள் எல்லாம் வெளியில வந்து உங்களைத் தேடுவினம். கிழமைக்கு ஒருக்கா ஹோஸை அமத்திப் பாருங்கோ. எஞ்சின் ஓடேல்லைத் தானே எண்டு ரேடியேற்றர் மூடியைத் திறக்கவும் வேண்டாம், உள்ளுக்க சுடுதண்ணி.

வாசகர், கிண்ணியா: என்ர காருக்கும் பிளொக் ஹீற்றர் பூட்டினா மைலேஜ் கூடுமோ?

கூடாது. ரயருக்குக் காத்து அடியுங்கோ.

லொறி உரிமையாளர், மூதூர்: எஞ்சினின்ர பக்கத்தில வட்டத் தகர மூடி ஒண்டால தண்ணி கசியுது. கிணத்துத் தண்ணி தான் விடுறனான், எங்கட ஊரில உறையாது தானே, பிறகு கூலன்ட் ஏன்?

இது தான் மேல சொன்ன கோர் பிளக், கனடாவில ஹீற்றர் பூட்டுற அதே ஓட்டை. எஞ்சின் வார்க்கேக்க உள்ளுக்க நிண்ட மண்ணை வெளியில எடுக்க விட்ட ஓட்டையளை அடைச்சிருக்கிறது. தண்ணி உறைஞ்சா மூடி வெளியில தள்ளி எஞ்சினைக் காப்பாத்தும் எண்டு சொல்லுவினம், அதை நம்பி ஒருத்தரும் இருக்கிறேல்லை, மூடி தள்ள முதல் பிளொக் வெடிச்சதும் இருக்கு. தண்ணி உறையேக்க நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும், இரும்பு தாங்காது.

எங்கட ஊரில உறையாது, சரி. கூலன்ட் உறையாம இருக்க மட்டும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் உறையாது, அதே நேரம் கொதிக்கிற சூடும் தண்ணியை விட மேல போகும், பாரம் ஏத்தி கந்தளாய்ப் பக்கம் மத்தியான வெயிலில போற லொறிக்கு அது தான் தேவை. மற்றது, அதில கறள் பிடிக்காம இருக்க மருந்து சேர்த்திருக்கு. கடற்கரைக் கிணத்துத் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும், அது ரேடியேற்றரை அடைக்கும், தகர மூடியை உள்பக்கத்தால தின்னும், உங்களுக்கு வெளியால தெரியேக்க உள்ளுக்க எல்லாம் கடுதாசி அளவுக்கு மெல்லிசாப் போயிருக்கும். கசியிற இடத்தில பசை வைச்சு மினக்கெடாதேங்கோ. ஒண்டு கசிஞ்சா மற்ற மூடியளும் அதே வயசு தான், எல்லாத்தையும் ஒரே நேரத்தில மாத்துங்கோ, பித்தளையில கிடைச்சாப் பித்தளை போடுங்கோ, பிறகு உள்ளுக்க நல்லா அடிச்சுக் கழுவிப்போட்டு, காய்ச்சி வடிச்ச (டிஸ்ரில்ட்) தண்ணியில கூலன்டைக் கலந்து விடுங்கோ.